கொம்பு ஊதியும் எழாதவர்கள்

முசிவாகே ந்தொம்பேலாவுக்குத் தொழில் டயர் கடை. பதினான்கு வருடங்களாக ஒவ்வொரு ஜனவரியிலும் இசாண்ட்ல்வானா மலையடியில் செத்துவருகிறார். நூற்றிநாற்பது வருடத்துக்கு முன் வெள்ளைக்காரப் படையைச் சுலுக்கள் வென்ற போரை நடித்துக்காட்டும் விழா அது. சுலு வீரர்கள் நாங்கள். சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் டர்பனிலிருந்து வரும் வெள்ளைக்காரர்கள். பொத்தான்வரை அசலாக இருக்க வேண்டும் என்று அடித்துக்கொள்வார்கள். கொம்பு ஊதும்வரை செத்தவன் அசையக் கூடாது. முசிவாகே மூச்சு விடுவதுகூடத் தெரியாது.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நடிப்பு முடிந்ததும், அன்று நிஜமாகவே செத்த வெள்ளைச் சிப்பாய்களை ஒருவர் விடாமல் பெயர் சொல்லி மைக்கில் படிப்பார்கள். பிறகு, "சுலுக்கள் சுமார் ஆயிரம் பேர்." அவ்வளவுதான். அந்த ஆயிரத்தில் ஒருவர் அவருடைய கொள்ளுத் தாத்தா. அவர் பெயரையும் படிக்கச் சொல்லி ஆறு வருடமாகக் கேட்டார். விழாக் குழுவின் காவின், "எழுத்துல ஆதாரம் இல்லையேண்ணே" என்றே மழுப்பினான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜெயித்தவர்கள் நாங்கள். எங்களுக்குத்தான் இந்தச் 'சுமார்'.

இந்த வருடம் கிளம்பும்போதே முசிவாகே சொல்லிவிட்டார்.

"ஊதினாலும் எவனும் எந்திரிக்கக் கூடாது."

"அங்க எறும்புப் புத்து இருக்குண்ணே," என்றான் ஒருவன்.

"கடிக்கட்டும். செத்தவனுக்கு என்னடா வலி?"

கொம்பு ஊதியது. சிவப்புச் சட்டைகள் எழுந்து தூசி தட்டினார்கள். விழுந்து கிடந்த நாங்கள் நாற்பது பேரும் அசையவில்லை. கைதட்டல் தானாக நின்றது. காவின் மைக்கோடு ஓடிவந்தான்.

"என்னண்ணே இது? ஜனங்க வெயில்ல நிக்கிறாங்க."

"நாங்க நூத்திநாப்பது வருஷமா கெடக்கோம்," என்றார் முசிவாகே, படுத்தபடியே.

"நான் என்னதான் பண்ணணும்?"

"மைக்கைப் பிடி. ஒவ்வொருத்தனும் இங்க செத்த அவன் ஆளு பேரைச் சொல்லுவான். சொல்லிட்டு எந்திரிப்பான்."

"ஒருத்தனையும் விடக் கூடாது. வரிசையா கேளு," என்று கத்தியது நான்தான்.

காவின் குனிந்தான். "சொந்தாபா ந்தொம்பேலா," என்றார் முசிவாகே. எழுந்து நின்றார். அடுத்தவன் சொன்னான், எழுந்தான். அதற்கடுத்தவனும்.

மைக் என் வாயருகே வந்தது. என் கொள்ளுத் தாத்தாவும் இங்கேதான் விழுந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். அவர் பெயர் என்ன என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. காவின் காத்திருந்தான். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல ஆத்திரம் வந்தது.

"சொல்லுடா," என்றார் முசிவாகே.

நான் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தேன்.