இறக்கத்தில் போட்ட சிலுவை

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் வசிக்கும் நான், ஐம்பது வயதுக்கு மேல் பந்தயச் சைக்கிள் வாங்கியவன். சென்ற செப்டெம்பரில் மனைவி ரெஜினாவோடு கடலோரக் குன்றுகள் வழியே ஒரு திராட்சைத் தோட்டம் பார்க்கப் புறப்பட்டேன். ஏற்றங்களில் அவள் முந்தினாள். இறக்கங்களில் என் தொப்பை எனக்கு உதவியது.

தோட்டத்துக்கு மேலே ஒரு வெள்ளைத் தேவாலயம். அதைத் தாண்டியதும் வீதி சரிந்தது. கோயிலைக் கண்டால் சிலுவை போடுவது, கத்தோலிக்கனான எனக்கு மன்னாரில் பழகியது. வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோனேன். அந்நேரம் தோட்டத்திலிருந்து ஒரு டிராக்டர் வீதிக்கு வந்தது.

"இஞ்சேருங்கோ, பிரேக்கைப் பிடியுங்கோ!" பின்னால் ரெஜினா கத்தினாள்.

இடது கையில் இருந்தது முன்பிரேக் மட்டும். இறுக்கியதும் பின்சக்கரம் மேலெழும்பி, டிராக்டருக்கு ஒரு முழம் தள்ளித் திராட்சைக் கொடிகளுக்குள் விழுந்தேன். தலைக்கவசம் வெடித்தது, தலை தப்பியது.

ரெஜினா ஓடிவந்து என் கைகால்களைத் தடவினாள். முறிவில்லை என்று தெரிந்ததும் ஏசத் தொடங்கினாள்.

"அது புரட்டஸ்தாந்துக் கோயில். அவையளே சிலுவை போடுறேல்லை; நீங்கள் ஏனப்பா உயிரைக் குடுத்துப் போடுறியள்?"

இப்போது இறக்கத்தில் இரு கைகளும் பிரேக்கிலேயே இருக்கும். சிலுவையை ஏற்றத்தில் மட்டும் போடுகிறேன். அங்கே என் வேகத்தால் யாருக்கும் ஆபத்தில்லை. கடவுளின் தயவும் அங்கேதான் எனக்கு அதிகம் தேவைப்படுகிறது.