சத்தமில்லாத கம்ப்ரசர்

என் வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் ஒரு கம்ப்ரசர் நிற்கிறது. ஓட விட்டால் பக்கத்து அறையில் ஃபேன் சுற்றுகிற அளவுக்குத்தான் சத்தம் வரும். பார்க்கிறவர்கள் எல்லாம் மெச்சுகிறார்கள். பாளையங்கோட்டையில் வீட்டில் வைத்துப் பெயிண்ட் அடிக்கிறவர்கள் யாரிடமும் இப்படி ஒன்று கிடையாது என்று போன வாரம்கூட ஓர் ஆசாரி சொல்லிவிட்டுப் போனார். நான் அதை ஓட்டி இரண்டு மழைக்காலம் ஆகிறது. என் மனைவி போய்ச் சேர்ந்தும் அவ்வளவு காலம்தான் ஆகிறது.

நான் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சும்மா இருக்கத் தெரியாது. ஆசாரிமார் செய்து தரும் கட்டிலுக்கும் அலமாரிக் கதவுக்கும் பெயிண்ட் அடித்துக் கொடுப்பேன். பிரஷ்ஷால் அடித்தால் கோடு விழும். காற்றால் அடித்தால்தான் கண்ணாடி மாதிரி நிற்கும். அதற்குக் காற்றைத் தொட்டிக்குள் அடைத்து வைக்கிற கம்ப்ரசர் வேண்டும். முதலில் வைத்திருந்தது ஒரு பஞ்சர் கடையிலிருந்து வந்த பழைய உருப்படி. சுவிட்சைப் போட்டால் கொட்டகைத் தகரம் அதிரும், அடுக்களையில் தட்டு ஆடும். தெருவில் போகிறவர்கள் என்னைத் திட்டுவது உதட்டசைவில் தெரியும், காதில் விழாது.

அவளுக்கு உடம்பு கெட்டு, நோய் எலும்புக்கு இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் அந்த மெஷின் ஓடியது. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. வெளியே இடம் பிடித்து வேலை செய்தால் அவளைப் பார்க்க ஆள் இல்லை. வேலையை அடியோடு விட்டிருக்கலாம். விடவில்லை. உண்மையைச் சொன்னால், நாள் முழுவதும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார எனக்குத் தெம்பு இல்லை. அதனால் காலையில் பத்து மணிக்குப் போட்டுப் பதினோரு மணிக்கு நிறுத்திவிடுவேன். அந்த ஒரு மணி நேரம் அவளைச் சித்திரவதை செய்கிறேன் என்ற எண்ணம் என்னை அரித்தது.

அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. காலையில் கஞ்சி குடித்ததும், "இன்னைக்கு எத்தன மணிக்குப் போடுவிய?" என்று கேட்பாள். பாவம், தாங்கிக்கொள்ள மனதைத் தயார் செய்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். "இன்னைக்கு வேண்டாம் பிள்ள, நீ தூங்கு" என்றால், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, நல்லா ஓட்டுங்க. வேலை கெடக்குல்லா" என்பாள்.

அவள் அப்படித்தான். சபையில் பெண்கள் கூட்டத்தை இருபது வருடம் நடத்தியவள். யார் படுத்த படுக்கையாகக் கிடந்தாலும் நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாட்டுப் பாடி, ஜெபம் செய்து, கர்த்தர் தந்ததை முறுமுறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு வருவாள். இப்போது அதே பெண்கள் வாரா வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். "எம்மா, எப்படிச் சகிக்கா பாருங்க! ஒரு முறுமுறுப்பு உண்டா?" என்று என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதார்கள். கோயிலிலும் அதைச் சாட்சியாகச் சொன்னார்களாம். டாக்டர் வலி எப்படி என்று கேட்டாலும் அவள் பதில் ஒன்றுதான்: "தேவல." அவரும் அதே மாத்திரையை எழுதிக் கொடுத்தார். எனக்கு அவளை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது. என் புத்தியை என்ன சொல்ல!

ஆக, சத்தமில்லாத மெஷின் ஒன்று வாங்கியே தீருவது என்று கிளம்பினேன். முதலில் பழையதையே அடக்கப் பார்த்தேன். அடியில் கார் டயர் போட்டேன். பிளைவுட்டில் பெட்டி அடித்து உள்ளே முட்டை அட்டைகளை ஒட்டி மூடினேன். சத்தம் பாதி குறைந்தது, சூடு இரண்டு மடங்கு ஏறி மெஷின் நின்றுவிட்டது. பெட்டியைக் கழற்றிய பிறகுதான் மறுபடி ஓடியது. அப்புறம் டவுணில் ரத வீதிப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒன்றை ஓட்டிக் காட்டினார். பூனை மாதிரி இருந்தது. தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் போட்டால் புலி. கடை வாசலில் டவுண் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போது கேட்டுப் பார்த்திருக்கிறேன், முட்டாள். மறுநாள் திருப்பிக் கொண்டுபோனேன். "அண்ணாச்சி, சத்தமில்லாத வீட்டுல வச்சா எந்த மெஷினும் சத்தமாத்தான் கேக்கும்" என்று அவர் எனக்கே பாடம் எடுத்தார்.

அதற்குப் பிறகு நான் அதில் பைத்தியமாகிவிட்டேன். எண்ணெய் ஊற்றாத மெஷின் என்றாலே அமைதி என்று நினைக்கக் கூடாது. சின்ன மோட்டாரை வேகமாகச் சுற்ற விட்டால் அதுதான் அதிகமாக அலறும். மெதுவாகச் சுற்றுகிற மோட்டாராகப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவற்றில் காற்று குறைவாக வரும் என்பதால் பெரிய தொட்டி வேண்டும். இதையெல்லாம் கடை கடையாக ஏறி இறங்கிக் கற்றேன். பல்லைக் குடைகிற கருவி காற்றில்தான் ஓடும், அதனால் பல் டாக்டர்கள் நல்ல மெஷின் வைத்திருப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். இல்லாத பல்வலியைச் சொல்லிக்கொண்டு ஒரு பல் டாக்டரிடம் போய், வாயைப் பிளந்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். மெஷின் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பல்லைச் சுத்தம் செய்து முடித்ததும் கூச்சத்தை விட்டுக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பின்கதவைத் திறந்து காட்டினார். ஒன்றரை மாதம் இப்படி அலைந்தேன். அந்த அலைச்சலில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்ததையும் மறைப்பதற்கில்லை. வீட்டை விட்டு வெளியே போக அது நல்ல சாக்கு. கேட்டால் அவளுக்காகத்தானே என்று சொல்லிக்கொள்ளலாம்.

கடைசியில் பல் டாக்டரிடம் பார்த்தது மாதிரி ஒன்று பெரிய தொட்டியோடு கிடைத்தது. பழையதை வாங்கின கடையிலேயே தள்ளிவிட்டேன். அது களக்காட்டுப் பக்கம் யாரோ ஒருவருக்குப் போயிற்று.

முதல் நாள் பத்து மணிக்குப் போட்டுவிட்டு ஓடி வந்து அவள் அறை வாசலில் நின்றேன். "எப்ப போடப் போறிய?" என்றாள்.

"போட்டாச்சு பிள்ள. ஓடிக்கிட்டுல்லா இருக்கு!"

அவள் கொல்லைப் பக்கம் தலையைத் திருப்பிக் காதுகொடுத்தாள். வெகுநேரம் கேட்டாள். பிறகு, "நல்லா இருக்கு" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகம் விழுந்துபோனதை நான் பார்த்தேன். பார்த்தும், அசந்துபோய்விட்டாள் என்று அர்த்தம் செய்துகொண்டேன்.

அந்த வாரம் அவளுக்கு மோசமாக இருந்தது. கஞ்சி இறங்கவில்லை. தலையணை வேர்த்து நனைந்தது. "கடைக்குப் போயிட்டு வாங்களேன்" என்று என்னை அடிக்கடி விரட்டினாள். ஒரு நாள் எலுமிச்சம்பழம் வேண்டும் என்றாள். போகிற வழியிலேயே தள்ளுவண்டியில் கிடைத்துவிட்டது. கொல்லைக் கதவு வழியாகத் திரும்பி வந்து, கொட்டகையில் ஒரு கதவுக்கு உப்புத்தாள் தேய்க்க உட்கார்ந்தேன். கம்ப்ரசரைப் போட்டிருந்தேன். அதன் மெல்லிய உறுமல் ஒன்றுதான். அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

யார் குரல் என்று எனக்குத் தெரியவில்லை. முப்பத்தொரு வருடம் ஒன்றாக வாழ்ந்தவன், அடுத்த வீட்டில் ஏதோ என்று எழுந்து மதிலை எட்டிப் பார்த்தேன். அதற்குள் மறுபடியும் வந்தது. மாடு கத்துகிற மாதிரி அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல், அப்புறம் "ஏன்யா, ஏன்யா" என்று யாரையோ கேட்டு வசவு. அவள் கர்த்தரைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

நான் வாசலில் போய் நின்றதும் சட்டென்று நின்றது. முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். பிறகு அதை எடுத்துவிட்டு, "கேட்டுட்டியளா?" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அவளே சொன்னாள். "பழைய மெஷின் ஓடச்சில ஒரு மணி நேரம் கிடைக்கும். வாய் விட்டுக் கத்திக்கிடுவேன். அப்புறம் நாள் பூரா சமாளிச்சுருவேன்."

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை மாதம் ஊரெல்லாம் அலைந்து, பல்லைக்கூடக் காட்டி, அவளுக்கு இருந்த ஒரே மறைவைத் தேடிப்பிடித்து விற்றுவிட்டு வந்திருக்கிறேன். அன்றைக்கு வந்த அழுகை எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. அவள் சாவுக்குக்கூட வரவில்லை.

"ஏட்டி, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"எத்தன பேரு கட்டில்ல போய் நின்னு முறுமுறுக்காதியன்னு சொல்லியிருக்கேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?"

களக்காட்டுக்குப் போய்ப் பழையதையே திரும்ப வாங்கி வந்துவிடுகிறேன் என்றேன். "வேண்டாம். எதுக்குப் போடுதியன்னு இனி எனக்குத் தெரியுமே. கத்த வராது" என்றாள். சரி, சும்மாவே கத்து, நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றேன். தலையை ஆட்டி மறுத்தாள். "நீங்க இருந்தா முடியாது. காதத் தீட்டிக்கிட்டு இருப்பிய. பத்து மணியானா பைய எந்திச்சு எங்கனயாவது போயிட்டு வாங்க. அது போதும்."

மறுநாள் அவளுக்குத் தெரியாமல் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். மாத்திரையைக் கூட்டினார். முன்னைவிடத் தூங்கினாள். ஆனாலும் பத்து மணி ஆனால் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, கால்வாய்ப் பாலத்துக்குப் போய் நிற்பேன். தெரிந்தவர்கள் வண்டியை நிறுத்தி, "என்ன சார், இங்கன நிக்கிய?" என்பார்கள். சும்மாதான் என்பேன். அவளுக்கு என்னால் செய்யக்கூடியதாக மிஞ்சியது அதுதான், பக்கத்தில் இல்லாமல் இருப்பது. கெடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். ஒரு மணி நேரம் முடியாமல் ஒரு நாளும் திரும்பியதில்லை.

அடுத்த வீட்டு அக்கா செருப்பில்லாமல் ஓடி வந்து என்னைக் கூப்பிட்ட அன்றும் அந்தப் பாலத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். இன்னும் பத்து நிமிடம் பாக்கி இருந்தது.