பலகையும் காதும்

மாமா எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் நலம் விசாரிக்க மாட்டார். "என்ன ஒழுகுது?" என்பார். ஒழுகாத வீடு கிடையாது என்பது அவருடைய முடிவான கருத்து. சொந்தக்காரர்கள் வீடுகளில் அவர் கைபடாத குழாய் இல்லை, தாழ்ப்பாள் இல்லை, மின்விசிறி இல்லை. தன் வீட்டுக் குளியலறைக் கதவு மட்டும் கயிற்றில் நிற்கிறது என்று அத்தை போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

பிழைப்பு நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில். மண்ணுக்கடியில் குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிற வேலை. விடியற்காலையில், வண்டிகள் ஓடத் தொடங்குமுன், இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தெருவில் ஊன்றி மறுமுனையில் காதை வைப்பார். கசிகிற இடத்தில் கீழே ஒரு சீறல் கேட்கும். சீறல் எங்கே பலமோ அங்கே செருப்பால் ஒரு கோடு போடுவார். ஆட்கள் அங்கே தோண்டுவார்கள். காதுக்காரர் என்றுதான் அவரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

காது போனதை முதலில் கண்டவள் அவருடைய தங்கை மகள். அடுத்த தெருவில் குடியிருந்தாள், அச்சகத்தில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அவள் சமையலறையில் குழாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் வாளியை வைத்துக் குழாயைத் திறந்தாள். அது விசிலடித்தது. மாமா பார்த்துக்கொள்வார் என்றுதான் அவள் பல நாளாக அதைத் தொடாமல் விட்டிருந்தாள். ஒரு சொட்டு விழுந்தாலும் துள்ளி எழுகிற மனிதர், டீயை உறிஞ்சிக்கொண்டு அத்தையைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே இருந்தார். திரும்பவில்லை. அவள் குழாயை மூடினாள்.

எதிரில் வந்து நின்று கேட்டாள். அவர் மறைக்கவில்லை.

"ஆபீசுக்குத் தெரிஞ்சா பம்ப் ஹவுஸ் வாசல்ல காவலுக்கு உக்கார வச்சிடுவான். நாள் பூரா கதவத் தொறக்கணும், மூடணும். அதுக்கு நான் இப்பவே படுத்துடலாம். உங்க அத்தைகிட்ட சொல்லாத."

அவள் சொல்லவில்லை. அப்புறம் எப்படி வேலை நடந்தது என்றால், கம்பியைப் பல்லால் கடித்துக்கொள்வாராம். நடுக்கம் பல் வழியாக மண்டைக்குள் ஏறுமாம். உடனிருந்த ஆட்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. தளர்ந்தவனை மற்றவர்கள் தாங்கிக்கொண்டு போவார்கள், உழைக்கிற கூட்டம் அப்படித்தான். அதில் ஆபத்தும் உண்டு.

ஒரு மழைக்காலத்தில் பல் ஏமாற்றிவிட்டது. கோடு போட்ட இடத்தில் தோண்டினால் குழாய் முழுசாக இருந்தது. கசிவு சற்றுத் தள்ளி, குழியின் சுவருக்குப் பின்னால் இருந்தது. தண்ணீர் உள்ளுக்குள்ளேயே மண்ணைக் கரைத்து வைத்திருந்தது. சுவர் சரிந்து, குழிக்குள் நின்ற ஒட்டகத்தை இடுப்புவரை மூடிவிட்டது. ஒட்டகம் என்பது உயரத்துக்காக அந்தத் தொழிலாளிக்கு வைத்த பெயர். கட்டையாகப் பிறந்திருந்தால் அன்றைக்கே கணக்கு முடிந்திருக்கும் என்று பின்னால் அவரே சொல்லிச் சிரிப்பார். இடது கால் மட்டும் பழையபடி வரவில்லை.

குழிக்கு முட்டுக் கொடுக்கப் பலகை வேண்டுமென்று சங்கம் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆபீஸ் கொடுக்கவில்லை. இப்போது விசாரணை என்றார்கள். முந்தின நாள் சங்கச் செயலாளர் மாமாவின் வீட்டுக்கு வந்தார். அவர் சொல்வதைத் தங்கை மகள்தான் மாமாவின் காதருகே எடுத்துச் சொன்னாள்.

"அண்ணே, பலகையப் பத்தி மட்டும் பேசுங்க. காதுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்க, பலகைய அமுக்கிட்டு எல்லாத்தையும் உங்க தலையில கட்டிடுவானுங்க. ஒட்டகத்துக்கு ஒண்ணும் கிடைக்காது."

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆபீஸ்கள் அப்படித்தான் செய்யும். மாமா அவள் பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்ற?" என்றார். "சொன்னா பம்ப் ஹவுஸ் வாசல்ல உக்காரணும் மாமா," என்றாள்.

மறுநாள் அவளும் கூடப் போனாள். அதிகாரியின் கேள்வியை அவள் சொல்லி முடிக்குமுன் மாமா எழுந்து நின்றார். காது கேளாதவரின் குரல், வராந்தா கடைசிவரை கேட்டது.

"பலகை கேட்டோம், தரல. அது உங்க தப்பு. எனக்குக் காது போச்சு, நான் சொல்லல. அது என் தப்பு. ரெண்டையும் எழுதுங்க. ஒண்ண விட்டாலும் கையெழுத்துப் போடமாட்டேன்."

செயலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். அதிகாரி இரண்டாவதை மட்டும் எழுதி நீட்டினார். மாமா படித்துப் பார்த்துத் திருப்பித் தள்ளினார். மிரட்டினார்கள், தன்மையாகவும் பேசினார்கள். தங்கை மகள் எடுத்துச் சொல்வதை நிறுத்திவிட்டாள். கேட்காத மனிதரிடம் எவ்வளவு நேரம்தான் பேச முடியும்? சாயங்காலம் இரண்டையும் எழுதினார்கள்.

பலகை வந்தது. ஒட்டகத்துக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தது. மாமாவைப் பம்ப் ஹவுஸ் வாசலில் போட்டார்கள்.

முதலில் ரொம்பவும் ஒடுங்கிப்போனார். கொண்டுபோன சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. கேட்டால், பசியில்லை என்று அத்தையிடம் எரிந்து விழுந்தார். தான் வாயை மூடிக்கொண்டிருந்தது சரியா, அன்றைக்கு அவரைப் பேச விட்டது சரியா என்று தங்கை மகள் உள்ளுக்குள் புழுங்கினாள். அப்புறம் ஒரு மாலை ஒட்டகம் காலை இழுத்துக்கொண்டு ஓடாத ஒரு மேசை விசிறியோடு வந்தார். மறுநாள் இஸ்திரிப்பெட்டி. அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். காவல் அறை பட்டறை மாதிரி ஆகிவிட்டது. ஒட்டகம் பக்கத்தில் உட்கார்ந்து தொண்டை கிழியப் பேசுவார். "மெதுவா பேசுடா, பம்ப் நின்னுடப்போகுது," என்பார் மாமா. ஓய்வு பெற்ற பிறகும் இது மாமாவின் வீட்டில் நடந்தது. தெருவே கேட்டது.

போன மாதம் மாமா காலையில் எழுந்திருக்கவில்லை.

முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். செயலாளர் நாலு வார்த்தை பேசினார். நன்றாகத்தான் பேசினார். ஒட்டகம் தாமதமாக வந்தார். யாரோ முக்காலி எடுத்துப் போட்டார்கள். வேண்டாமென்று தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்து, மடங்காத காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தார். மாமாவின் காதருகே குனிந்தார். அந்தப் பெரிய குரலுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.

அவர் மெதுவாகப் பேசினார். நெடுநேரம் பேசினார். தலைமாட்டில் நின்ற தங்கை மகளுக்கே ஒரு சொல்லும் கேட்கவில்லை. பேசி முடித்ததும் எழுந்திருக்க முடியாமல் கையை நீட்டினார். அவள் பிடித்துத் தூக்கிவிட்டாள்.