துரியோதனனுக்கு விழுந்த மூன்று அடி

பகலில் ஆந்திராவின் நகரியில் தாசில்தார் ஆபீஸ் கிளார்க், திருவிழா வந்தால் துரியோதனன். நேற்று எங்கள் ஊர்க் கூத்தில் பீமன் என்னைக் கொன்றான்.

செத்துக் கிடக்கும் துரியோதனனைப் பெண்கள் வரிசையாக வந்து துடைப்பத்தால் ஒரு தட்டு தட்டுவார்கள். பீடை போகுமாம். எப்போதும் பட்டும் படாமலும்தான் தட்டுவார்கள்.

ஒரு அம்மா மட்டும் மூன்று அடி கொடுத்தாள், முழு பலத்தோடு. வலியில் உயிர் போனது, ஆனால் பிணம் அசையக் கூடாதே. அவ்வளவு நன்றாகவா நடித்துவிட்டோம் என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

இன்று காலை நகரி பஸ்ஸில் அதே அம்மா.

"என்னம்மா, நேத்து என் ஆட்டத்தப் பாத்து அவ்ளோ கோவமா?" என்று கேட்டேன்.

"உன் ஆட்டத்த எவ பாத்தா? வயசு சர்டிபிகேட்டுக்கு ஆறு தபா உன் டேபிள் முன்னாடி நின்னுக்கினு இருந்தேனே, நெனப்பு கீதா? நான் பொறந்தது திருத்தணி பக்கம். தமிழ்நாட்டுல போய் வாங்கியான்னு நீ தொரத்துற. அங்க போனா, நீ பொறந்தப்போ இது ஆந்திரா, அங்கயே கேளுன்றான். எல்லைய நானா மாத்துனேன்?"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்.

ஆபீஸ் வந்ததும் முதல் வேலையாக அந்த அம்மாவின் ஃபைலை எடுத்தேன். ஆதாரம் போதாது என்று தெலுங்கில் அழகாக எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அடுத்த வருடம் தர்மர் வேஷம் கேட்கலாம் என்றிருக்கிறேன். எனக்குப் பொருந்துமா, சொல்லுங்கள்.