அரைக்கிலோ எடைக்கல்

முதல்லயே ஒண்ணு சொல்லிருதேன். பேய், பிசாசு, ஆவி, இந்த மாதிரி சங்கதியில எனக்கு எள்ளளவும் நம்பிக்கை கிடையாது, அன்னைக்கும் கிடையாது இன்னைக்கும் கிடையாது. நாங்க பாறசாலை பக்கத்துல வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவங்க, எங்கப்பா ஸ்கூல்ல ஃபிசிக்ஸ் வாத்தியார், வீட்ல யாராவது ராத்திரி சத்தம் கேட்டுதுன்னு சொன்னா டார்ச்ச கையில குடுத்து நீயே போய் பாத்துட்டு வா சவமேன்னு அனுப்புற ஆளு. அப்படி வளந்தவன் நான். அதனால நான் சொல்லப்போறதக் கேட்டு நீங்க சிரிச்சா எனக்கு வருத்தம் இல்ல, உங்க இடத்துல இருந்தா நானும் சிரிச்சிருப்பேன். ஆனா நடந்தது நடந்ததுதான், அதுல ஒரு வார்த்தை கூட்டல.

தொண்ணூத்தெட்டோ தொண்ணூத்தொம்பதோ, சரியா ஞாபகம் இல்ல. தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு சின்ன மீன் கடை வச்சிருந்தேன். கறி வைக்கிற மீன் இல்ல, கண்ணாடித் தொட்டியில வளக்குற மீன். கோல்ட் ஃபிஷ், கப்பி எல்லாம் எவனும் விப்பான். எனக்குப் பேர் வாங்கித் தந்தது கடல் மீன்தான், அதுலயும் ஏஞ்சல். எம்பெரர் ஏஞ்சல்னு ஒண்ணு உண்டு, நீல உடம்புல மஞ்சள் கோடு கோடா, கண்ணுக்கு ஒரு கறுப்புப் பட்டை, பாத்தா விடமாட்டீங்க. இந்த மீன் தொட்டியில குஞ்சு பொரிக்காது, கடல்ல முங்கித்தான் பிடிக்கணும். விழிஞ்ஞத்துக் கடல் பாறைகள்ல அது உண்டு.

பிடிச்சுத் தந்தது தாசன். முழுப்பேர் சிலுவதாசன், விழிஞ்ஞத்துக்காரன், என்னைவிட அஞ்சாறு வயசு இளையவன். சிப்பி பறிக்க முங்குற குடும்பம், அவனுக்கு சிலிண்டர் கிலிண்டர் ஒண்ணும் வேண்டாம், மூச்சப் பிடிச்சா ஏழு பாகம், அதாவது நாப்பது அடிக்கு மேல, கல்லு மாதிரி இறங்குவான். ஒரு கையில வலை, ஒரு கையில கம்பு, அவ்வளவுதான். நான் மேல கட்டுமரத்துல இருப்பேன். எனக்கு நீச்சல் தெரியும், முங்கத் தெரியாது. என் வேலை அவன் மூச்ச எண்ணுறது.

இது முக்கியம், கேட்டுக்கிடுங்க. ஏஞ்சல் பாறை இடுக்குல ஒளியுற மீன். அதத் துரத்தி இடுக்குக்குள்ள போற ஆளுக்கு மூச்சு எவ்வளவு மிச்சம்னு மறந்துபோகும், அந்த மீன் மேல அவ்வளவு வெறி வந்துரும். அதனால நான் மேல எண்ணிட்டே இருப்பேன், அறுபது ஆனா ஒரு அரைக்கிலோ இரும்பு எடைக்கல்லால கட்டுமரத் தடியில தட்டுவேன். மூணு தட்டு, ஒரு நிறுத்தம், மூணு தட்டு. அந்தச் சத்தம் தடி வழியா தண்ணிக்குள்ள இறங்கும், கேட்டா கையில மீன் இருந்தாலும் இல்லேன்னாலும் மேல வந்துரணும். அவனோட மூச்சு தொண்ணூறு வரைக்கும்தான். துடுப்பால அடிச்சா காரியம் நடக்காது, அங்க துடுப்புங்கிறது பிளந்த மூங்கில், அதுல சத்தம் இறங்காது. கடையில இருந்து நான் கொண்டுபோன எடைக்கல் அது, ஆறு மூலை உள்ளது, ஒரு சரடு கட்டி எப்பவும் என் மணிக்கட்டுல மாட்டியிருப்பேன். கடல்ல விழக்கூடாதே.

அந்த வாரம் ஒரு ஹோட்டல்காரர் வந்தார், புதுசா திறக்கப்போறார், வாசல்ல சுவர் அளவுக்குத் தொட்டி. ஞாயித்துக்கிழமை திறப்பு, அதுக்குள்ள எம்பெரர் ஒரு ஜோடி வேணும், வளந்த ஜோடி. சரின்னுட்டேன். அப்படி ஒரு தொட்டி நம்ம கைப்பட நின்னா ஊரு பூரா நம்ம பேரச் சொல்லும்னு ஒரு ஆசை. தாசன் தண்ணி கலங்கிக் கிடக்கு, ரெண்டு நாள் போகட்டும்னு சொன்னான். நான்தான் கேக்கல.

வெள்ளிக்கிழமை, காலையில ஒரு பத்து மணி இருக்கும். நல்ல வெயில், பட்டப்பகல், அதையும் மனசுல வச்சுக்கிடுங்க. முதல் முங்கலே அதிர்ஷ்டம், தாசன் ஒரு எம்பெரரக் கொண்டு வந்தான், என் கை விரிச்ச அளவுக்கு இருக்கும். ஆழத்துல இருந்து இந்த மீன ஒரேயடியா மேல தூக்கக்கூடாது, வயிறு ஊதி மல்லாந்துரும். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் ஜாடியில போட்டு, பாதி ஆழத்துல கொஞ்ச நேரம் தொங்கவிட்டு, அப்புறம்தான் மேல எடுக்கணும். அன்னைக்குப் பாத்து ஜாடி மூடியோட கயிறு அறுந்துபோச்சு. வேற கயிறு இல்ல. நான் என்ன செஞ்சேன் தெரியுமா, என் மணிக்கட்டுல இருந்த சரட அவுத்து ஜாடி மூடியக் கட்டிட்டேன். எடைக்கல்ல சும்மா தொடைக்குப் பக்கத்துல வச்சேன். தாசன் கவனிக்கல, இதோட பெண்டாட்டி அங்கதான் இருக்குன்னு சொல்லிட்டு மறுபடி முங்கிட்டான்.

நான் எண்ண ஆரம்பிச்சேன். எண்ணிக்கிட்டே ஜாடிக்குள்ள மீன் எப்படி இருக்குன்னு பாக்க முங்குக் கண்ணாடிய மாட்டி மூஞ்சிய தண்ணிக்குள்ள விட்டேன். உள்ளதச் சொல்லணும், எனக்கு அந்த மீன்தான் முக்கியமா இருந்துது. அது ஜாடிக்குள்ள நிமிந்து நிக்குது, நான் அந்த ஹோட்டல் வாசல்ல அது எப்படி நிக்கும்னு நினைச்சுட்டு இருக்கேன், அப்ப ஒரு அலை வந்து கட்டுமரம் லேசா சாஞ்சுது. தொடைக்குப் பக்கத்துல ஏதோ உருண்டுது. கையப் போட்டேன், கிட்டல. என் கண்ணு முன்னாலயே எடைக்கல் ஜாடியத் தாண்டி கீழ போச்சு, அந்தக் கலக்கத்துக்குள்ள போய் மறைஞ்சுது.

அப்பதான் எண்றத நிறுத்திட்டேன்னு தெரிஞ்சுது. எதுல நிறுத்தினேன்? முப்பதா, ஐம்பதா? தெரியல. மூஞ்சிய விட்டுப் பாத்தா கீழ ஒண்ணும் தெரியல, பாறைப் பக்கம் சேறு கிளம்பி கஞ்சித் தண்ணி மாதிரி வெளுத்துக் கிடக்கு. தாசனுக்கு அப்ப கல்யாணம் ஆகி ஒரு வருஷம், அவன் பெண்டாட்டி ஏழு மாசக் கர்ப்பம், காலையில கட்டுமரத்தத் தள்ளும்போது கரையில நின்னு எங்களுக்குக் கட்டன் சாயா தந்தவ. அவ மூஞ்சிதான் என் கண்ணுல வந்துது. கையால தடியில அடிச்சுப் பாக்கணும்னு கூட தோணல, வெறும் மூங்கில் துடுப்ப எடுத்தேன், அடிக்க ஓங்கினேன்.

அப்ப கேட்டுது. டொக், டொக், டொக். ஒரு நிறுத்தம். டொக், டொக், டொக்.

நம்புனா நம்புங்க. சத்தம் என் துடுப்புல இருந்து வரல, துடுப்பு என் தலைக்கு மேல நிக்குது. அது என் தொடைக்குக் கீழ இருந்து வந்துது. நான் உக்காந்திருந்த தடி ஒவ்வொரு தட்டுக்கும் அதிருது, எலும்புல தெரியுது. எனக்கு முதல்ல என்ன தோணிச்சு, தாசன் மேல வந்துட்டான், அடியில இருந்து விளையாடுறான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்னு சத்தமாவே சொல்லிட்டேன். சொல்லிட்டு அந்தப் பக்கம் குனியுறேன், அப்ப தண்ணி கிழிஞ்ச சத்தம் கேட்டுது, தாசன் தலை வெளிய வந்துது. எங்க? பாறைக்கு அந்தப் பக்கம், இருபது இருபத்தஞ்சு முழம் தள்ளி. மூச்சுக்குத் தவிக்கிறான், மூக்குல ரத்தம். அவன் அங்க கிடக்கான். என் தொடைக்குக் கீழ இன்னும் தட்டுது.

மூணு. நிறுத்தம். மூணு. அப்புறம் நின்னுது.

தாசன் நீந்தி வந்து தடியப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்கினான். வாந்தி எடுத்தான். அப்புறம் சொன்னான். மீன் சேத்தக் கிளப்பிருச்சு, பாறைக்கு அடியில வழி தெரியாமப் போச்சு, எது மேல எது கீழன்னு தெரியல, அப்ப தட்டுற சத்தம் கேட்டுது, அந்தச் சத்தம் முன்னால போச்சு, அது பின்னால போனேன், வெளிய வந்துட்டேன்னு. சொல்லிட்டு என் கால்ல கைய வச்சான்.

"அண்ணன் தட்டினது கறக்டா இருந்துது. இல்லேன்னா இன்னைக்கு நான் தீர்ந்தேன்."

நான் என்ன சொல்லணும்? தட்டினது நான் இல்லடான்னு சொல்லணும். கல்ல கடல்ல போட்டுட்டேன், எண்றத விட்டுட்டு மீனப் பாத்துட்டு இருந்தேன்னு சொல்லணும். நான் தலைய மட்டும் ஆட்டினேன். வெக்கமா இருந்துது, பயமாவும் இருந்துது, ரெண்டுல எது பெருசுன்னு இப்பவும் சொல்லத் தெரியல.

கரைக்கு வந்ததும் கட்டுமரத்த அவுத்துப் போடுவாங்க, தடி நாலையும் தனித்தனியா பிரிச்சு வெயில்ல காய வைக்கணும், இல்லேன்னா தண்ணி குடிச்சு கனத்துரும். நடுத்தடி ஒண்ண நானும் அவனுமா புரட்டினோம். மேல் பக்கம் நான் தட்டித் தட்டி விழுந்த பழைய பள்ளம் நிறைய உண்டு, மிருதுவான தடி, நகம் பட்டாலே பதியும். கீழ்ப் பக்கத்துல, என் தொடை இருந்த இடத்துக்கு நேர் கீழ, புதுசா பள்ளம். உள்ள வெள்ளை மரம் தெரியுது, பாசி பிஞ்சு தொங்குது. ஒவ்வொண்ணுலயும் எடைக்கல்லோட மூலை பதிஞ்சிருக்கு. தாசன் குனிஞ்சு அதுமேல விரல ஓட்டிப் பாத்தான். காலையில தள்ளும்போது தடி கரைப் பாறையில இடிச்சுதான்னு கேட்டான். ஆமா இடிச்சுதுன்னு சொன்னேன். அவன் மணல அள்ளி அந்தப் பள்ளத்துல தேச்சுட்டு நிமிந்துட்டான்.

வீட்டுக்குப் போய் அப்பாகிட்ட பேர் ஊர் சொல்லாம ஒண்ணு கேட்டேன், தண்ணிக்குள்ள ஒரு சத்தம் கேட்டா அது எந்தப் பக்கம்னு ஆளுக்குத் தெரியுமா? தெரியாதுடா, தண்ணியில சத்தம் ரொம்ப வேகம், ரெண்டு காதுக்கும் ஒண்ணுபோல வந்துரும், நாலாபக்கமும் இருந்து கேக்குற மாதிரிதான் இருக்கும்னார். அப்படின்னா தாசன் எது பின்னால போனான்? அத அப்பாகிட்ட கேக்கல. நானாவே ஒரு சமாதானம் கண்டுபிடிச்சேன். பெரிய எம்பெரர் மீன் பயந்தா டொக்குன்னு ஒரு சத்தம் போடும், தொட்டி வச்ச யாரக் கேட்டாலும் சொல்வாங்க. ஜாடியில கிடந்த மீன்தான் சத்தம் போட்டிருக்கும்னு வச்சுக்கிட்டேன். ரெண்டு நாள் ஓடிச்சு அந்தச் சமாதானம். ஆனா மீன் எண்ணித் தட்டாது, மரத்துல மூலையும் பதிக்காது. ஹோட்டல்காரருக்கு அந்த ஒத்த மீனத்தான் குடுத்தேன், ஜோடி கிடைக்கலன்னுட்டேன். அதுக்கப்புறம் தாசன் சிப்பிக்குத்தான் முங்கினான், நானும் ஏஞ்சல் கேக்கல.

இருபது வருஷத்துக்கு மேல ஆகியும் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் தாசன் ஒரு சாக்கு சிப்பி கொண்டு வருவான். என் பிள்ளைங்க முன்னால, சம்பந்தக்காரங்க முன்னால, அண்ணன் தட்டினதால நான் இருக்கேன்னு சொல்வான். அத ஒவ்வொரு தடவை கேக்கும்போதும் நான் இலையில சோத்த உருட்டிட்டே இருப்பேன். அன்னைக்கு வயித்துல இருந்த ஏழு மாசம் இப்ப நர்ஸ் ஆகி வெளிநாட்டுல இருக்கு, அது கல்யாணத்துல என்னைய மேடையில ஏத்தி பிள்ளை தலையில கை வச்சு ஆசீர்வதிக்கச் சொன்னான்.

போன கிறிஸ்மஸுக்கு என்னால முடியல. எனக்கும் வயசாச்சு, நெஞ்சுல ஒரு ஸ்டென்ட் வச்சாச்சு. எல்லாரும் சாப்பிட்டுப் போனப்புறம் பின்வாசல்ல அவன உக்கார வச்சு சொல்லிட்டேன். சரட அவுத்தது, மீனப் பாத்துட்டு இருந்தது, கல்லு போனது எல்லாம். தட்டினது நான் இல்லடா தாசா, என்ன மன்னிச்சிருன்னேன். அழுதுட்டேன், அதையும் சொல்லிருதேன்.

அவன் ஒண்ணும் அதிரல. கையில இருந்த சாயாவக் குடிச்சு முடிச்சு கிளாஸக் கீழ வச்சான்.

"அது எனக்குத் தெரியும் அண்ணே. நான் பாறைக்கு உள்ள நுழையும்போது அந்தக் கல்லு என் மூஞ்சிக்கு முன்னாலதான் வந்து மணல்ல விழுந்துது."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆச்சு. கல்லு கீழ கிடக்குன்னு இவனுக்கு அங்கயே தெரியும். மேல யாரும் தட்ட முடியாதுன்னு தெரிஞ்சுதான் அந்தச் சத்தத்துக்குப் பின்னால போயிருக்கான். பின்னே நீ ஏண்டா இத்தனை வருஷம் ஊரெல்லாம் நான் தட்டினேன்னு சொன்னன்னு கேட்டேன்.

அவன் வாசலப் பாத்துட்டு, குரலத் தாழ்த்திச் சொன்னான்.

"அண்ணன் தட்டினதா இருந்தா எனக்கு ராத்திரி உறக்கம் வரும்."

கிளம்பும்போது எப்பவும் சொல்றத சத்தமா, வீட்டுல உள்ளவங்க கேக்கச் சொன்னான், அண்ணன் தட்டினதால நான் இருக்கேன்னு. இந்தத் தடவை நான் ஆமாடா, நான்தான் தட்டினேன்னு சொன்னேன்.