அட்டையில் ஒரு சொட்டு

கார் எஞ்சினை ஓட வைப்பது சுலபம். அதன் அடியில் தொங்குகிற ஆயில் தொட்டியை ஒழுகாமல் ஒட்டுவதுதான் மெக்கானிக்கின் உயிரை வாங்கும் வேலை. வீட்டுக் குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டுப் பெருமையாகக் கை துடைக்கும்போது பின்னால் ‘சொட்’ என்று கேட்டிருக்கிறதா? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான், இப்படி வந்து உட்காருங்கள்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் திருவொற்றியூரில் நானும் தாஸும் சேர்ந்து பட்டறை ஆரம்பித்தோம். தாஸ் புளியந்தோப்புக்காரன். கையில் பலம் ஜாஸ்தி, பொறுமை கம்மி.

தாஸின் கைபலம்

ராயபுரத்தில் எண்ணெய்க் கடை வைத்திருந்த செல்லத்துரை அண்ணாச்சி, கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, தன் பழைய டீசல் காரை மணலியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலைக்கு மாத வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். போகிற வழியில் ஒரு மெஸ்ஸுக்குக் கொடுக்க, முன்சீட்டுக் காலடியில் எப்போதும் ஒரு டின் எண்ணெய் இருக்கும்.

தொழிற்சாலை வாசலில் ஒரு வாட்ச்மேன் உண்டு. வண்டிக்கு அடியில் வெள்ளை அட்டையைத் தள்ளிவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருப்பார். அட்டையில் சொட்டு விழுந்தால் வண்டி திரும்ப வேண்டியதுதான். மூன்று முறை திரும்பினால் வாடகை ரத்து. ஒரு முறை திரும்பிய பிறகுதான் அண்ணாச்சி எங்களிடம் வந்தார். தொட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே புது கார்க் பேக்கிங் வைத்து, தாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு போல்ட்டுகளை முடுக்கினான். மறுநாளே வண்டி இரண்டாம் முறையாகத் திரும்பி வந்தது. கழற்றிப் பார்த்தால், முடுக்கின முடுக்கில் பேக்கிங் பிதுங்கி வெளியே வந்து, தொட்டியின் விளிம்பும் வளைந்திருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தாஸ் துளிகூட அசரவில்லை.

“நான் கரீக்டாத்தான் மாமு டைட் வெச்சேன், அந்தத் தகடுக்குத்தான் தெம்பு பத்தல!”

அல்வா

விளிம்பைத் தட்டி நேராக்கி, இந்த முறை பேக்கிங்கே வேண்டாம், பேஸ்ட் போட்டு ஒட்டலாம் என்று முடிவு செய்தேன். டியூபிலிருந்து மெல்லிய கோடாக இழுத்து, போல்ட் ஓட்டைகளைச் சுற்றிவர வேண்டும். அதிகமாகப் போட்டால் மிச்சம் உள்ளே பிதுங்கி, உதிர்ந்து, எஞ்சின் ஆயில் உறிஞ்சுகிற வலையை அடைத்துவிடும். அப்புறம் எஞ்சினுக்கே சங்குதான்.

நான் டீ சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் தாஸ் முழு டியூபையும் காலி செய்திருந்தான். விளிம்பெல்லாம் விரல் தடிமனுக்குப் பேஸ்ட் பளபளத்தது. வழித்தோம், வழித்தோம், வழித்துக்கொண்டே இருந்தோம். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி.

“எங்க ஊர்லயே அல்வாவை இம்புட்டு தாராளமா வைக்க மாட்டாம்லா தம்பி!”

காலிப் பாத்திரம்

புது டியூப் வாங்கி, நானே கோடு இழுத்து, தொட்டியை மாட்டி, பதமாக முடுக்கினேன். பேஸ்ட் இறுகுகிற வரை ஆயில் ஊற்றக் கூடாது. “நாளைக் காலைவரை யாரும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனோம்.

வந்து பார்த்தால் வண்டிக்கு அடியில் குளம். ஆயில் கேனைக் கையில் பிடித்தபடி அண்ணாச்சி அசடு வழிய நின்றார். ஆயுசு முழுக்க எண்ணெய் அளந்து ஊற்றிய மனுஷர். பக்கத்திலேயே நிறைகேன் இருக்க, காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“சொட்டுச் சிந்தாமத்தான் ஊத்துனேன் தம்பி, கீழ எப்படிப் போச்சுன்னுதான் வெளங்கல!”

மூன்றாம் முறை

எல்லாவற்றையும் துடைத்து மறுபடி ஒட்டி, மறுநாள் முழுக்க அண்ணாச்சியைப் பட்டறைப் பக்கமே வரவிடவில்லை. வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் அவருடனேயே மணலிக்குப் போனோம். சொட்டினால் வாடகை போய்விடும், எங்கள் பெயரும் நாறிவிடும். நான் பின்சீட்டில், தாஸ் முன்சீட்டில், அவன் காலுக்கு நடுவே மெஸ்ஸுக்கான டின். வாசலில் அட்டை உள்ளே போனது. ஐந்து நிமிஷம், ஒன்றுமில்லை. எட்டு நிமிஷம், ஒன்றுமில்லை. ஒன்பதாவது நிமிஷத்தில் சொட்! அண்ணாச்சி ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

வாட்ச்மேன் அட்டையை இழுத்தார். விரலால் தொட்டார், முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார். பிறகு முன்கதவைத் திறந்து தாஸின் காலடியைப் பார்த்தார். தாஸ் பதற்றத்தில் இரண்டு முழங்காலாலும் டின்னை நெருக்கி நசுக்கியிருந்தான். மூடி பிதுங்கி, எண்ணெய் வழிந்து, துருப்பிடித்த தரை ஓட்டை வழியாக நேரே அட்டைக்குப் போய்க்கொண்டிருந்தது. வாட்ச்மேன் முகம் மலர்ந்தது.

“எஞ்சின் ஆயிலுக்குத்தான் நைனா ரூலு, இது நல்லெண்ணெ! நாளைக்கு சனிக்கெழம வேற, அட்டைய நான் வூட்டுக்கு எத்துகினு போறேன், நீ வண்டிய உள்ள வுடு!”

அன்றிலிருந்து ஒழுகுகிறது என்று எந்த வண்டி வந்தாலும், தாஸைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, குனிந்து முகர்ந்து பார்த்த பிறகுதான் ஸ்பானரையே எடுக்கிறேன்.