துண்டு போட்ட நாற்காலி

அந்த ஆபீஸில் நாற்காலியின் முதுகில் தொங்கிய பச்சைக்கரைத் துண்டை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

எங்கள் கொல்லிமலையில் பஸ்ஸில் இடம் பிடிப்பது துண்டு போட்டுத்தான். வண்டி நிற்பதற்குள் சன்னல் வழியாகத் துண்டையோ பையையோ சீட்டில் எறிந்துவிட வேண்டும். பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு மூட்டையோடு இறங்குகிற நாட்களில் நானும் எறிந்திருக்கிறேன். ஒருமுறை என் துண்டு ஒரு அம்மாளின் கூடைக்குள் விழுந்து, உள்ளே இருந்த கோழி அதன்மேல் அசிங்கம் பண்ணிவிட்டது. அந்த அம்மாள் கோழிக்காக என்னைத் திட்டினாள், நான் துண்டுக்காகக் கோழியைத் திட்டினேன், கண்டக்டர் இரண்டு பேரையும் திட்டினார். எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிற மருமகள், "கோழி போதுங்க மாமா, ஆபீசுக்கு வாங்க" என்கிறாள்.

வருகிறேன். துண்டு போட்டவன் வந்து உட்கார வேண்டும். அதுதான் அதில் உள்ள நியாயம். போட்டுவிட்டு அவன் டீக்கடையில் கதை பேசிக்கொண்டிருக்க, பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால், பஸ்ஸில் யாராவது ஒருவர் அந்தத் துண்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவளை உட்காரச் சொல்வார்கள். இதற்குப் படிப்பு வேண்டியதில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் இருக்கும். எனக்கும் என் சித்தப்பா மகனுக்கும் வரப்புத் தகராறு. என் காட்டுக்கும் அவன் காட்டுக்கும் நடுவில் ஒரு பலாமரம், அதன் காலடியில் ஓர் ஊற்று. சித்திரையிலும் வற்றாது. அந்தத் தண்ணீரை நம்பித்தான் நான் மிளகுக்கொடி வைத்திருந்தேன். நான் சொல்கிற நாளுக்கு மறுநாள் காலை, நிலம் அளக்கிறவர் மலைக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். கைப்பட எழுதிய பழைய பட்டா இனி செல்லாது, கம்ப்யூட்டர் பட்டா வேண்டும், ஒருத்தர் காகிதம்தான் இருக்கிறதென்றால் அதை வைத்தே கல் நடுவேன் என்றும் சொல்லியிருந்தார். சித்தப்பா மகன் தன்னுடையதை எப்போதோ வாங்கி வைத்துவிட்டான். நான் அதே காகிதத்துக்காக முந்தின நாளும் கீழே இறங்கி வந்து, வெறுங்கையோடு மலையேறியிருந்தேன்.

அன்றைக்கு முதல் பஸ்ஸுக்கே இறங்கிவிட்டேன். வரிசையில் இடம் போய்விடும் என்று, வீட்டுக்காரி கட்டிக் கொடுத்த சாமைச்சோற்றைக்கூடப் பிரிக்கவில்லை. தாலுகா ஆபீஸில் வரிசையாக ஐந்து கவுண்டர், ஐந்து கம்ப்யூட்டர் பெட்டி. மலைக்காரர்களுக்குக் கடைசிக் கவுண்டர். அங்கே கழுத்தில் புதுத் தாலிக்கயிறோடு ஒரு பெண் இருந்தாள். மரியாதையான பெண். எதையோ தட்டினாள், காத்திருந்தாள், மறுபடி தட்டினாள்.

"கனெக்சன் கெடைக்கலீங்க, பெரியவரே."

மற்ற கவுண்டர்களில் பெட்டி எரிகிறதே, உனக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். நிலத்தின் விவரமெல்லாம் உள்ளறையில் இருக்கிற பெரிய பெட்டியில் இருக்கிறதாம். சர்வர் என்றாள். கவுண்டர் பெட்டிகள் வெறும் சன்னல்தானாம். எது கேட்டாலும் உள்ளே போய்த்தான் எடுத்து வர வேண்டும். அந்தப் பெரிய பெட்டி ஒரே நேரத்தில் நாலு பேரைத்தான் உள்ளே விடும். காலையில் வந்ததும் மற்ற நாலு கவுண்டர்காரர்களும் தங்கள் பேரைத் தட்டி அதற்குள் போய்விடுகிறார்கள், சாயங்காலம்வரை வெளியே வருவதில்லை.

நான் திரும்பிப் பார்த்தேன். முதல் கவுண்டரில் ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். இரண்டாவதில் ஆளே இல்லை, நாற்காலியில் பச்சைக்கரைத் துண்டு. மூன்றாவதில் ஒருவர் மட்டும் வேலை பார்த்தார். நாலாவதில் ஆளும் இல்லை, பெட்டியும் அணைந்து கிடந்தது.

அந்த நாலாவது ஆள்தான் அணைத்துவிட்டுப் போய்விட்டாரே, அவர் இடம் காலிதானே என்றேன்.

"இல்லீங்க. முறையா மூடாம சுச்ச அமத்திட்டுப் போயிட்டாரு. உள்ள இருக்கற பெட்டி அவரு இன்னும் இருக்காருன்னே நெனச்சுட்டு இருக்குதுங்க."

ஆள் இறங்கிப் போன பிறகும் சீட்டில் துண்டு கிடக்கிறது. அதற்கு மரியாதை கொடுத்து நாங்கள் நிற்கிறோம்.

இதற்கு மருந்தில்லையா என்றேன். இருந்ததாம். பெட்டிகளை மாட்டிக் கொடுத்தவன், கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தானாக வெளியே தள்ளிவிடுகிற மாதிரி வைத்திருந்தானாம். ஒவ்வொரு தடவையும் பேரைத் தட்டி நுழைய வேண்டியிருக்கிறது, பாதியில் விட்ட வேலை போய்விடுகிறது என்று இவர்கள் சண்டை போட்டு எடுக்க வைத்துவிட்டார்களாம். வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போவதுதான் அவர்களுக்கு வேலை போலிருக்கிறது. அந்தப் பெண்ணைக் கேட்டுப் பயனில்லை. அவள் தற்காலிகமாம், அவர்களிடம் வாய் திறந்தால் மறுநாள் வர வேண்டாம் என்பார்கள்.

எனக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நின்றது. மத்தியானப் பஸ் போய்விட்டது. அடுத்ததை விட்டால் விடிந்துதான். அதற்குள் ஊற்று கைமாறிவிடும். நான் தடுப்பைச் சுற்றிப் போய், பச்சைக்கரைத் துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு, இரண்டாவது கவுண்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

துண்டுக்காரர் பல் குத்திக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்ததும் குச்சி வாயிலேயே நின்றது.

"யாருங்க நீங்க? எந்திரிங்க. உங்க ஊட்டுக் கட்டிலா இது?"

"இல்லீங்க. துண்டு கெடந்துச்சு, ஆளைக் காணம். பஸ்ஸுன்னு நெனச்சுட்டேனுங்க."

வரிசையில் சிரித்தார்கள். அது அவரைச் சுட்டுவிட்டது. போலீசைக் கூப்பிடுவேன் என்றார்.

"கூப்புடுங்க சாமி. அவங்க வாரதுக்குள்ள இதைய மூடிக் குடுங்க. அந்தப் புள்ள எனக்குக் காயிதம் எடுத்துரும். இல்லாட்டி நீங்களே உக்காந்து எடுத்துக் குடுங்க. ரெண்டுல ஒண்ணு செஞ்சா நான் எந்திரிக்கறேன்."

மேலதிகாரி அறைக் கதவு திறந்து, எட்டிப் பார்த்து, மூடிக்கொண்டது. துண்டுக்காரர் என் தோளுக்கு மேலே கை நீட்டி எதையோ படபடவென்று தட்டினார். மூஞ்சியில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"மூடித் தொலைச்சாச்சு. எந்திரிய்யா."

நான் எழவில்லை. கடைசிக் கவுண்டரில் பிரிண்டர் கரகரவென்று இழுக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்தேன். துண்டைக் கையில் கொடுத்தேன். பிடுங்கிக்கொண்டார்.

மறுநாள் இரண்டு காகிதத்தையும் வைத்துப் பார்த்து, பலாமரத்துக்கு அந்தப்பக்கம் கல் நட்டார்கள். ஊற்று என் பக்கம். சித்தப்பா மகன் ஒரு வருஷம் பேசவில்லை, பிறகு பலாப்பழத்துக்காகப் பேசினான். அது சரியாகிவிட்டது.

சரியாகாதது வேறு. அன்று காகிதத்தை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது, துண்டுக்காரர் மறுபடி உட்கார்ந்து, தட்டி, உள்ளே போய்விட்டு, துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். எனக்கு அடுத்து நின்றவர் புளியஞ்சோலைக்கு மேலே இருக்கிற மலைக்காரர், வயதில் என்னைவிடப் பெரியவர். கனெக்சன் கிடைக்கவில்லை என்று அந்தப் பெண் அவரிடம் சொல்வது கேட்டது. அவர் ஓட்டமும் நடையுமாக வாசலுக்கு வந்தார்.

"ஏனுங்க, உங்களுக்கு மட்டும் எப்படிங்க கெடச்சுது?"

அவருக்காகத் திரும்பப் போய் அந்த நாற்காலியில் உட்காரலாம். என் கடைசிப் பஸ் ஆரன் அடித்துக்கொண்டிருந்தது.

"துண்டு கெடக்குதுங்க, பாருங்க," என்றேன். "எடுத்து மடியில வெச்சுக்குங்க."